ஆருட படம்?

டொக்டர் திரையில் எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டினார். “மூளையில இந்த வெள்ளை இடம் ரத்தம் போகாமச் செத்துட்டு. சுத்தியுள்ளதைக் காப்பாத்தலாம்.”

“ஆருட படம் டொக்டர்?” என்று கேட்டார் நல்லரத்தினம். டொக்டர் பதில் சொல்லவில்லை.

“பேச்சு திரும்பி வருமா டொக்டர்?” என்றாள் மகள் கம்சாயினி.

“ஆருக்குப் புள்ள பேச்சுப் போனது? அம்மா ஏன் அழுறா?”

மகளும் பதில் சொல்லவில்லை. மனைவி இராசாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

“பேச்சுக்குரிய இடம் முழுக்கச் சாகல்ல. பயிற்சி குடுத்தா மெல்ல மெல்ல வரும்” என்றார் டொக்டர்.

நல்லரத்தினத்துக்குப் பொறுமை போய்விட்டது. மேசையில் ஓங்கித் தட்டினார். “ஆருக்கு எண்டு சொல்லுங்களன்!”

கம்சாயினி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“பாருங்க டொக்டர், விடிஞ்சதிலயிருந்து அப்பா இப்பிடித்தான். என்னவோ கேக்கப் பாக்கார். ‘ம்... ம்...’ எண்டுதான் வருது.”