கறுப்புச் சட்டையும் ரோஜா மாலையும்

"பாத்தியாம்மா அம்சா, கறுப்புச் சட்டை போட்டுக்கினு பிள்ளையாருக்கு மாலை போடறாரு!"

பழனி சொன்னது முதலாளி காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் சொன்னான்.

ஆதிகேசவன் திரும்பவில்லை. புகை ரூம் சுவரில் தொங்கிய பிள்ளையார் படத்துக்கு ரோஜா மாலையைப் போட்டு, அதன் மேல் தண்ணீர் தெளித்தார். தெருமுனை மேடையில் ஏறி, சாமி இல்லை என்று தொண்டை கிழியப் பேசுகிற மனுஷன். பட்டறைக்குள் தினம் தினம் இந்தக் கூத்து.

"அருகம்புல்லே போதும்கிற சாமி. இவரு என்னடான்னா செகப்பு ரோஜாதான் வேணும், மல்லி ஆகாது, சாமந்தி ஆகாதுன்னு பூக்காரிகிட்ட மல்லுக்கு நிக்கறாரு!" என்று சொல்லிவிட்டு, அவனோடு நூல் திருப்புகிற அம்சா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறை அது. வெளிர் நிறப் புடவைக்கான பட்டு நூலைக் கந்தகப் புகை காட்டி வெளுப்பார்கள். புகை ரூமுக்குள் போனால் மேகத்துக்குள் நடக்கிற மாதிரி இருக்கும். கம்புகளில் தொங்கும் ஈர நூல், கண்ணெதிரே மெல்ல மெல்ல நிலா நிறத்துக்கு வரும்.

அப்போதுதான் அந்த அதிசயமும் நடக்கும். மாலையில் இருக்கிற சிவப்பு கரையும். ரோஸாகும். அப்புறம் வெள்ளையாகும்.

'சாமி நெறத்தைக் குடிக்குது' என்று பழனி கன்னத்தில் போட்டுக்கொள்வான். பக்தியில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. சாமி பேரைச் சொல்லி ஒரு பொய் பேசமாட்டான்.

முதலாளியோ வாசற்படியிலேயே நின்று அந்த மாலையை முறைத்துக்கொண்டிருப்பார். பூ வெளுத்ததோ இல்லையோ, ஒரு கத்தல்.

"சாமிக்குப் பூ கெட்டுப்போச்சு! எல்லாம் வெளிய வாங்கடா! புதுப் பூ வராம எவனாவது உள்ள காலை வெச்சீங்க, சாமி குத்தம், ஆமா!"

பூக்காரி ஆடி அசைந்து வருவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். வெளுக்கிற நூலுக்குத்தான் கூலி. தையில் தங்கச்சி கல்யாணத்தை வைத்துக்கொண்டு, பழனி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வயிறெரிவான்.

அதனால்தான் நாளையிலிருந்து பக்கத்துத் தெருப் பட்டறைக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். அங்கே சாமியும் இல்லை, பூவும் இல்லை. ஒரே மூச்சாக வேலை.

அன்றைக்குப் பார்த்துத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் தாவீது வந்தார். கையில் ரப்பர் பந்து ஒன்று. அதன் மூக்கில் விரல் நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் நீலத் தூள்.

"என்ன சார், பன்னீர் தெளிக்கப் போறீங்களா?" என்றாள் அம்சா.

"புகை எவ்வளவுன்னு இங்கயே, இப்பவே சொல்லிடும்மா. பந்தை அமுக்கி விட்டா காத்தை இழுக்கும். கெட்ட காத்துன்னா நீலம் வெளுத்துக்கிட்டே ஏறும். இந்தக் கோட்டைத் தொட்டா, ஆள் உள்ள நிக்கக்கூடாது. நின்னா நெஞ்சு போயிடும்."

பழனிக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா?

"புகையை அப்புறம் அளக்கலாம் சார். மொதல்ல எங்க மொதலாளி வேஷத்தை அளந்து சொல்லுங்க. மேடையில நாத்திகம், பட்டறையில மாலை!"

ஆதிகேசவன் முகம் சிவந்தது. "உன் வாயை அளக்கத்தான்டா இன்னும் மெஷின் வரல. போய் நூலைத் திருப்பு, போ!"

எல்லோரும் உள்ளே போனார்கள். தாவீது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பந்தை அமுக்கினார். நூலைத் திருப்பியபடியே பழனி பார்த்தான். குழாயில் நீலம் கரைந்தது. சுவரில் சிவப்பு கரைந்தது. இரண்டும் ஒரே கனவைக் கண்டுகொண்டிருந்த மாதிரி இருந்தது.

"சாமிக்குப் பூ கெட்டுப்போச்சு! வெளிய வாங்கடா!"

அடித்துப் பிடித்து ஓடிவந்தார்கள். பழனி நேராகச் சுவருக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் போய், எரிகிற கண்ணைக் கழுவினான். சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் குரல் கேட்டது.

"வெளிய வர்றப்பதான் கோட்டைத் தொட்டுச்சு. நீங்க அதுக்கு முன்னாடியே கூப்பிட்டுட்டீங்க. ஆதிகேசவன், அந்த மாலை சாமிக்குப் போட்டது இல்லையே?"

"மெதுவா பேசுங்க சார்." எப்போதும் கத்துகிற மனுஷன் குரலைத் தாழ்த்தினார். "புகை ஆகாது, வாங்கடான்னு கரடியா கத்திப் பார்த்தேன். 'இன்னும் கொஞ்சம் நூலுதான்'னு நிப்பானுங்க. இந்தப் பழனி ஒருநாள் உள்ளயே சுருண்டு விழுந்துட்டான். தூக்கியாந்து போட்டேன். முழிச்சதும் எழுந்து திரும்ப உள்ள போறான் சார்! அன்னிக்குத்தான் பிள்ளையாரைக் கொண்டாந்து மாட்டினேன். உசுருக்குப் பயப்படாதவன் சாமி குத்தத்துக்குப் பயப்படறான்."

"ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்குதே?"

"சிரிக்கட்டும் சார். சிரிக்கறதுக்கும் நெஞ்சுல காத்து வேணுமில்ல?"



"இருந்தாலும் புகைபோக்கி வெச்சே ஆகணும். ஒரு மாசம் டைம்."

"மூணு மாசம் குடுங்க சார்! உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க!"

பேரம் தொடங்கிவிட்டது. குரலும் பழையபடி ஏறிவிட்டது. பழனி, கையில் அள்ளிய தண்ணீர் ஒழுகி முடிந்தது தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை பக்கத்துத் தெருப் பட்டறை வாசலில் போய் நின்றான். கையில் பிள்ளையார் படம், சிவப்பு ரோஜா மாலை.

"என்னய்யா இது, வேலைக்கு வாடான்னா சாமியைத் தூக்கிக்கினு வந்திருக்கே?" என்றான் அங்கே வேலை செய்கிற ராஜவேலு.

"நான் வரலைப்பா. இவருதான் வந்திருக்காரு. உங்க புகை ரூம்ல மாட்டுங்க. ராத்திரி கனவுல வந்து சொன்னாரு, பூ வெளுத்தா அத்தினி பேரும் வெளிய ஓடிடணுமாம். மீறினா கண்ணைக் குத்திடுவாராம்!"

"நெசமாவா?"

பிள்ளையார் படத்தின் மேல் கை வைத்து, கண் கொட்டாமல் சத்தியம் பண்ணினான் பழனி.