விட்கோம்ப் துரைக்குப் புரியாத தீர்ப்பு

"மூணாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டான், சென்யோர் பெல்மிரோ! உங்க இங்கிலீஷ் புரியலையாம்!"

நீதிமன்ற எழுத்தர் டோனா ஒடீலியா கடிதத்தைக் காப்பிக்கடை மேசையில் அறைந்த அறையில், கோப்பை துள்ளி எழுந்து மறுபடி தட்டிலேயே உட்கார்ந்தது.

"யாருக்குப் புரியலையாம்? இங்கிலீஷ்காரனுக்கா?" என்றார் மொழிபெயர்ப்பாளர் பெல்மிரோ.

"சிரிக்காதீங்க. முதல்ல, 'அரசு வழக்கறிஞர்னு போட்டிருக்கே, எங்க ஊர்ல அப்படி ஒருத்தர் இல்லையே'ன்னான். அவன் ஊர்ல அந்தப் பதவிக்கு என்ன பேரோ அதையே போட்டீங்க. 'எங்க ஊர் அதிகாரி எப்போ போர்ச்சுகலுக்கு வந்தார்'னான். அடிக்குறிப்பு போட்டீங்க. இப்போ, 'தீர்ப்பைவிட அடிக்குறிப்பு நீளம், தலை சுத்துது'ங்கிறான்!"

விட்கோம்ப் துரை கடலோரத்து வீடு ஒன்றை ஏழு பேருக்கு விற்றவர். ஏமாந்த ஏழு கிழங்களும் நீதிமன்றப் படியிலேயே குடியிருந்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐந்து ஆண்டு சிறையை உறுதி செய்துவிட்டது. தீர்ப்பின் போர்த்துகீசிய நகல் மார்ச்சிலேயே துரையின் கைக்குப் போய்விட்டது. ஆனால் இருபத்திரண்டு வருடம் இங்கே மத்தி மீன் தின்றும், 'நன்றி'யைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது என்று அவர் சத்தியம் செய்திருந்தார். புரிகிற மொழியில் கிடைத்தால்தான் அடுத்த அப்பீலுக்கான முப்பது நாள் கெடு ஓடத் தொடங்கும்.

"ஜூன் முடிஞ்சா வழக்கே காலாவதி. அவன் ஜாலியா கப்பலேறிடுவான். நீதிபதியம்மா உங்க பேரை மொழிபெயர்ப்பாளர் பட்டியல்லேர்ந்து அடிச்சிடுவாங்க."

"நாளைக்குப் புதுசா தர்றேன், அம்மணி."

மறுநாள் வந்த ஆங்கிலம் வெண்ணெயாக வழுக்கியது. ஒடீலியா பதினோராம் பக்கத்தில் திடுக்கிட்டு நின்றாள்.

"என்ன இது? மூலத்துல மேல்கோர்ட் அரசு வழக்கறிஞர் இங்கே அவனுக்குச் சாதகமாத்தானே பேசியிருக்கார்? 'ரெண்டு விற்பனைக்குச் சாட்சி போதாது'ன்னு. நீங்க 'இவனை ஆயுசுக்கும் உள்ளே போடணும்'னு எழுதியிருக்கீங்களே!"

"அப்படியா எழுதியிருக்கேன்?"

"தொடர்ந்து வேற எழுதியிருக்கீங்க! பக்கத்துக்குப் பக்கம் அந்த மனுஷன் வாயில விஷம்! கண்ணு மங்கிப்போச்சா உங்களுக்கு?"

"இங்கிலீஷ் எப்படி இருக்கு?"

"அதுல குறையே இல்ல."

"அவன் கேட்டது அதைத்தானே? அனுப்புங்க. கையெழுத்து என்னுது. ஜெயிலானாலும் நான் போறேன்."

நாளில்லை. ஒடீலியா கும்பிடாத புனிதரையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே அனுப்பினாள்.

மூன்றே நாளில் பதில் பாய்ந்து வந்தது. துரை தன் கைப்பட ஒன்பது பக்கம் எழுதியிருந்தார். நீதிபதியம்மாள் அதை உரக்க வாசிக்க வாசிக்க ஒடீலியா சிலுவைக்குறி போட்டுக்கொண்டே நின்றாள்.

"'இந்த மொழிபெயர்ப்பாளன் அயோக்கியன். அரசு வழக்கறிஞர் எனக்காக எவ்வளவு அழகாக வாதாடியிருக்கிறார்! அதை அப்படியே தலைகீழாக்கிவிட்டான். மூலத்தோடு வரிக்கு வரி நானே உட்கார்ந்து ஒப்பிட்டேன். முப்பத்தொரு பிழைகள். புதிய மொழிபெயர்ப்பு வேண்டும்.'"

நீதிபதியம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"சென்யோர் பெல்மிரோ இனிமே எழுத வேண்டாம்னு சொல்லிடு."

ஒடீலியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, பாவம், வயசான மனுஷன்..."

"போர்த்துகீசியத்தை வரிக்கு வரி படிச்சு முப்பத்தொரு தப்பு பிடிக்கிறவனுக்கு மொழிபெயர்ப்பு எதுக்குடி? மார்ச் நகல்லேர்ந்தே எண்ணினா அவன் அப்பீல் கெடு ஏப்ரல்லயே முடிஞ்சாச்சு. போலீஸ் வண்டியை அனுப்பு!"