சமாதான அணி

“பேச்சு பேச்சுன்னு இழுத்துக்கிட்டே இருந்தா, எதிரி நாட்டுக்காரன் அந்தப் பக்கம் அணுகுண்டைச் செஞ்சு முடிச்சிருவான்! அந்த அணு ஆலையையே படையெடுத்துப் போய்த் தகர்க்கணும்!”

அழகர்கோவில் அடிவாரத்து மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பட்டிமன்றம். மேசைக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும். அப்படிக் குத்திக் குத்திப் பேசினான் பத்ரிநாத். முன்வரிசையில் இருந்த அனந்தலக்ஷ்மிக்குக் கொழுந்தன்மேல் எரிச்சலாக வந்தது. ஈவிரக்கம் இல்லாத மனுஷன்!

எதிரணியில் எழுந்தார் அவள் கணவர் ஹாலாஸ்யம்.

“ஆலையை இடிக்கலாம் தம்பி. செய்யக் கத்துக்கிட்டவன் மூளையை இடிப்பியா? இன்னைக்கு அடிச்சா, நாளைக்கு மலையைக் குடைஞ்சு ஒளிச்சு வச்சுச் செய்வான். நாம கொஞ்சம் விட்டுக்கொடுத்தா, அவனும் ஆலையைச் சோதனை போட நம்மள உள்ள விடுவான். வீம்பு எதுக்கு? போய்க் கதவைத் தட்டுங்க!”

கைதட்டல் அடங்கவே இல்லை.

அனந்தலக்ஷ்மி அந்தச் சத்தத்திலேயே மிதந்தாள். கண்ணுக்குள் கோரிப்பாளையத்து மாடி வீடு ஒன்று. ஹாலாஸ்யம் கதவைத் தட்டுகிறார். வேற்று மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டதால் அவர் ஒதுக்கி வைத்த மகள் மதுவந்தி வந்து திறக்கிறாள். மாசமாக இருக்கிறாள் என்று கேள்வி. வயிற்றைத் தாங்கிக்கொண்டு “அப்பா” என்கிறாள்.

தீர்ப்பும் சமாதான அணிக்கே. ஹாலாஸ்யம் ஓட்ட, பத்ரிநாத் பின்சீட்டில் இருக்க, காரில் திரும்பும்போதும் அவள் கனவு கலையவில்லை. ஜன்னல் காற்று, பின்னால் மங்கிப்போகும் மலை, எல்லாமே அவளுக்கு நல்ல சகுனமாகத் தெரிந்தன.

கோரிப்பாளையம் சிக்னலில் கார் நின்றது.

“என்னங்க, மது வீடு பக்கத்துலதான். ஒரு எட்டுப் பாத்துட்டு…”

“கண்ணாடியை ஏத்து,” என்றார் ஹாலாஸ்யம். “மேடைப் பேச்சு மேடையோட. ஓடிப்போனவகிட்ட நமக்கு என்ன பேச்சு?”

அவளுக்குக் கண்ணாடியை ஏற்றக் கை வரவில்லை.

பின்சீட்டுக் கதவு திறந்தது.

“அண்ணே, நான் இங்கனயே இறங்கிக்கிறேன்,” என்றான் பத்ரிநாத்.

“இங்க உனக்கு என்னடா சோலி?”

“மதுவுக்கு அழகர்கோவில் தோசைன்னா உசுரு. வாயும் வயிறுமா இருக்குற புள்ள, ஆசப்பட்டுக் கேட்டுச்சு. வாராவாரம் நான்தான் எதையாச்சும் வாங்கிக் குடுத்துட்டு வாரேன்.”

கையில் பொட்டலத்தோடு முன் ஜன்னலில் குனிந்தான்.

“மதினி, உங்களையேதான் கேக்குறா. வாரீகளா?”

சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னால் ஹாரன்கள் அலறின. ஹாலாஸ்யம் திரும்பிப் பார்த்தபோது பக்கத்து சீட் காலியாக இருந்தது.