தூணடிச் சூடு

ஊரடங்கில் மலேசியாவின் ஈப்போ நகரில் புகை அடங்கி, சுண்ணாம்பு மலைகள் துலக்கமாகத் தெரிந்தன. வாகனமில்லாத சாலை குளிர்ந்து கிடந்தது. பேரங்காடிக் காவலாளி அர்ச்சுனன், நெற்றிச் சூடு பார்க்கும் கருவியைத் தினமும் காலையில் வாசல் தரையில் சோதிப்பார். அன்று எங்கும் இருபத்தைந்து டிகிரி. தூணடியில் மட்டும் முப்பத்தெட்டு.

வேலை செய்த ரப்பர் தோட்டம் விற்கப்பட்டபின் வீடிழந்த வேலப்பன் அந்தத் தூணடியில்தான் இரவில் படுத்து வந்தார். இருமுகிறார் என்று மேலாளர் பவித்ரன் முந்தின நாள்தான் அவரை விரட்டியிருந்தார்; இப்போது அந்த இடம் காலி.

மறுநாள் தூணடி நாற்பது காட்டியது.

“பாஸ், அவருக்குக் காய்ச்சல் போல. தேடிப் பாக்கலாமா?”

“மெஷின் ரோசாக் லா அண்ணே, கெட்டுப்போச்சு, வேற மாத்துங்க.”

அர்ச்சுனன் தூணடியில் ஈரத்துணி போட்டார். அது உடனே காய்ந்தது.

அடுத்த காலை அங்கும் இருபத்தைந்து.

“பாத்தீங்களா, சரியாயிருச்சு,” என்று பவித்ரன் மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். “காத்து எவ்ளோ சுத்தம் லா!”

அர்ச்சுனன் குனிந்து, வேலப்பனின் தலை இருந்த பக்கம் சிமெந்தில் திருநீறு பூசினார்.