வெள்ளிக்கிழமைக் கப்பல்

என் மகன் செம்பியன் கப்பலில் ரூம் பெருக்குகிறான். வெள்ளிக்கிழமை ஸ்டாக்ஹோமில் கிளம்பும் கப்பல், வெள்ளைக்காரர்களுக்கு ஹெல்சிங்கியைக் காட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடும். ரெண்டு நாள் ஊர் சுற்ற எதற்குக் கப்பல் என்று எனக்கு விளங்கவில்லை. ஏஜென்ட் பேச்சை நம்பாதே என்றேன். கேட்கவில்லை.

அவன் போவதற்கு முன் அவன் அம்மா தைலம்மாள் செத்துப்போனாள். அஸ்திப் பானையின் வாயில் வெள்ளைத் துணி சுற்றி நான்தான் முடிச்சுப் போட்டேன். தேவனாம்பட்டினம் கடலில் விட்டோம். விட்டவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. இவன் பார்த்தான்.

"பான முழுகலப்பா, நம்ம பக்கமே வருது."

பிடரியில் ஒன்று வைத்து இழுத்து வந்தேன்.

ஞாயிறுதோறும் ஆட்கள் இறங்கியதும் வீடியோவில் கூப்பிடுவான். முதல் தடவையே, "கப்பல் பின்னால ஒரு பான மிதக்குதுப்பா, வெள்ளத் துணி கட்டிருக்கு" என்று சிரித்தான்.

"வேலைய உட்டுட்டு வந்துர்றா."

"வந்து? நம்ம ஊரு குடிகாட்டுல உன்னோட குந்திக்கினு கம்பெனி கெமிக்கல் நாத்தம் புடிக்கவா?"

போன ஞாயிறு ஒரு காலி ரூமைப் பெருக்கிக்கொண்டே பேசினான். பானையை இன்றைக்குக் காணோம் என்றான். அவன் முதுகுக்குப் பின்னால், கட்டிலில் உட்கார்ந்து தைலம்மாள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"செம்பியா, திரும்பிப் பாக்காம வெளிய வந்துர்றா."

"ஏம்ப்பா?" என்று திரும்பினான்.

போன் அணைந்துவிட்டது. ஆளைக் காணோம் என்கிறார்கள் கப்பல்காரர்கள். நான் நம்பவில்லை.

இன்று காலையில் தேவனாம்பட்டினத்துக்குப் போனேன். கரையில் ரெண்டு பானை ஒதுங்கிக் கிடந்தன. ரெண்டிலும் வெள்ளைத் துணி, ரெண்டிலும் என் முடிச்சு.

நான் கட்டியது ஒன்றுதான்.