பெட்டி காலி

விடுதியின் மாணவத் தலைவி காலையில் புகார்ப் பெட்டியைத் திறந்தாள். வருடம் முழுக்கக் காற்று வாங்கிய பெட்டிக்குள் இன்று குவியலாக மடித்த சீட்டுகள்!

வருடம் முழுக்க ஒரு புகாரும் வராவிட்டால் தலைவியின் பெயர் சாப்பாட்டுக்கூடத்தின் கௌரவப் பலகையில் ஏறும். மாலையில் ஆண்டுவிழா. நேற்றுதான், தண்ணீரை வீணாக்கியதற்காகச் சின்னப் பிள்ளைகளைக் காய்ச்சி எடுத்திருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது.

'கடைசி நேரத்துல கழுத்தறுத்துட்டாளுங்களே, பொடிசுங்க!'

ஒன்றையும் பிரிக்காமல் சுக்குநூறாகக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை ஊற்றினாள்.

"பெட்டி காலி, மேடம்" என்று அவள் சாவியை நீட்டியபோது, வார்டனின் முகம் ஏனோ வாடியது.

மாலையில் அவள் பெயர் பலகையில் ஏறியது. கைதட்டல் அடங்கியதும் வார்டன் தொடர்ந்தார்.

"ஒரே ஒரு வருத்தம். பெரிய பிள்ளைங்கள்ல உங்களுக்குப் பிடிச்ச அக்கா யாருன்னு எழுதி, புகார்ப் பெட்டியில போடச் சொல்லிச் சின்னவங்ககிட்ட ரகசியமா சொல்லியிருந்தேன். ஒருத்தர்கூடப் போடல. அதனால அந்த அக்காவுக்குக் குடுக்க வெச்சிருந்த இந்தக் கோப்பை யாருக்கும் இல்ல."



விழா முடிந்ததும் ஆறாம் வகுப்புக் குட்டி ஒருத்தி அழுதுகொண்டே ஓடிவந்து தலைவியின் கையைப் பிடித்தாள்.

"நாங்க பதினேழு பேரும் உங்க பேரைத்தான்க்கா எழுதிப் போட்டோம். திட்டினாலும் எங்களைப் பாத்துக்கிறது நீங்கதானே! யாரோ எடுத்துட்டாங்கக்கா. வார்டன்கிட்ட நீங்களே சொல்லுங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்கன்னா பொய்யே சொல்ல மாட்டீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."