பிரபுவின் மூக்கு

ஹார்ஸ் மலை வெள்ளியில் அடித்த புதுக்காசை ஜன்னல் வெயிலில் ஏந்தி நிற்கிறார் சீக்போட்டோ பிரபு. இலைபோல மெல்லிய தகடு. தோல் துண்டின் மேல் வைத்து ஒரு பக்கம் மட்டும் அச்சு அடித்தது. அச்சு வெட்டிய வோல்ராட் எதிரே நிற்கிறான். இவனுக்கு முன் அச்சு வெட்டியவன், பிரபுவின் மூக்கைச் சின்னதாகப் போட்டதற்காகப் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டே துரத்தப்பட்டான். அதனால் இவன் தாராளமாகவே போட்டிருக்கிறான்: வாள், கொடி, இரண்டு கோபுரம், பிரபு இன்னும் கட்டாத மூன்றாவது கோபுரம், நடுவில் கம்பீரமாக ஒரு மூக்கு. "பரவால்லடா, என்னை உரிச்சு வச்சிருக்கே" என்று பிரபு தன் முகத்தைத் தானே கட்டைவிரலால் ஆசையாகத் தடவுகிறார். விரலை எடுத்தால் காசில் மூக்கைக் காணோம்.

"யார்ரா என் மூக்கை நசுக்குனது?" கீழே பட்டறையில் சுத்தியல் சத்தம் நிதானமாகக் கேட்கிறது. வோல்ராட் காசை எட்டிப் பார்க்கிறான். "கட்டைவிரல் பட்டுடுச்சுங்க, பிரபு." "யாரோட கட்டைவிரல்?" வாசலில் நிற்கும் காவலனுக்குத் திடீரென்று இருமல் வருகிறது. வோல்ராட் தரையைப் பார்த்தபடி சொல்கிறான்: "ரொம்ப பலசாலியோட விரலுங்க. வேற யார் தொட்டாலும் இப்படி நசுங்காது." பிரபு தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். முகம் மெல்ல மலர்கிறது. "அதானே பார்த்தேன். நீயே இங்க வேலையில இருந்துக்கோ. இன்னொண்ணு குடு." வோல்ராட் அடுத்த காசை அவர் உள்ளங்கையில் வைக்கிறான். "மூச்சு பட்டாலே பறந்துடுங்க." ஊரையே அதட்டி வைத்திருக்கும் பிரபு, தன்னைத்தானே ஊதித் தள்ளிவிடக் கூடாதென்று வாயை இறுக மூடிக்கொண்டு வெயிலில் அசையாமல் நிற்கிறார்.